பேடு புதுசு, சத்தமும் புதுசு

விடியற்காலை ஐந்தேகாலுக்குப் பள்ளத்தூரில் ஒரு தெருவுக்குள் நுழைந்து பிரேக் பிடித்தால் அந்தச் சத்தம் எவ்வளவு தூரம் போகும் என்பது அப்படிப்பட்ட தெருவில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். முகப்பு இந்தத் தெருவில் என்றால் பின்கட்டு வாசல் அடுத்த தெருவில் இருக்கும், இரண்டு பக்கமும் நீளநீளமாகச் சுவர், பாதி வீடுகளில் ஆளே கிடையாது. அந்த அமைதியில் என் பைக்கின் முன் பிரேக் 'கீஈஈச்' என்று கத்தும், அது ஒரு சுவரில் பட்டு எதிர்ச்சுவருக்குப் போய்த் திரும்பி வரும், எங்கோ ஒரு நாய் ஆரம்பிக்கும், அதைத் தொடர்ந்து தெருவில் உள்ள எல்லா நாயும் ஆரம்பிக்கும். பிரேக் பேடு, அதாவது சக்கரத்தோடு சுற்றுகிற இரும்புத் தட்டை (டிஸ்க்) இரண்டு பக்கமும் கவ்வி வண்டியை நிறுத்துகிற கட்டை, மாற்றி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

நான் காரைக்குடியிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் பலகாரம் போடுகிற வீடுகளில் சரக்கு எடுத்து கடைகளுக்கும் விசேஷ வீடுகளுக்கும் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். பின்சீட்டில் இரண்டு தகர டின், கைமுறுக்கு, தேன்குழல், சீப்புச்சீடை, மாவுருண்டை என்று முப்பது கிலோவாவது இருக்கும். தினமும் அறுபது எழுபது கிலோமீட்டர். வண்டி 150 சிசி, முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். பாரம் ஏற்றி ஓட்டுகிற வண்டிக்கு முன் பிரேக்தான் உயிர், பின் பிரேக்கை நம்பி முப்பது கிலோ முறுக்கை நிறுத்த முடியாது. அதனால் இதை விவரமாகவே எழுதுகிறேன், யாராவது ஒருவருக்காவது நான் பட்டது தெரிந்திருக்கட்டும்.

பழைய பேடு 14,000 கிலோமீட்டர் ஓடியது. தேய்மானத்தைக் காட்ட நடுவில் இருக்கிற கோடு மறைந்துவிட்டது தெரிந்ததும் மெயின் ரோட்டில் ஒரு கடையில் விட்டேன். பேடு 320 ரூபாய், கூலி 100. பதினைந்து நிமிஷத்தில் முடித்துவிட்டார்கள். ஸ்க்ரூடிரைவரை வைத்து, பேடை டிஸ்க் மேல் தள்ளுகிற பிஸ்டனை நெம்பி உள்ளே தள்ளினார்கள், பழையதை உருவினார்கள், புதியதைச் செருகினார்கள், அவ்வளவுதான். பழைய பேடுகளைக் குப்பையில் போடப் போனபோது ஏனோ தோன்றி வாங்கி டூல் பாக்ஸில் போட்டுக்கொண்டேன். பின்னால் இந்தப் பழைய பேடுகள்தான் எல்லாவற்றையும் சொல்லின.

சத்தம் வந்ததும் அதே கடைக்குப் போனேன். "புது பேடுன்னா அப்படித்தாண்ணே இருக்கும், தேயத் தேய சரியாயிரும்" என்றார்கள். இதில் பாதி உண்மை. புதுப் பேடும் பழைய டிஸ்க்கும் ஒன்றுக்கொன்று பழகும் வரை கொஞ்சம் கத்துவது உண்டு, இருநூறு முந்நூறு கிலோமீட்டரில் அது தானாக அடங்கிவிடும். ஆனால் எனக்கு அறுநூறு கிலோமீட்டர் ஆகியும் அடங்கவில்லை, அடங்காததோடு முன்னைவிடக் கூடியது. அப்போதே வேறு இடத்தில் காட்டியிருக்க வேண்டும். காட்டாமல் மறுபடி அங்கேயே போனேன். கடையில் பெரியவர் இல்லை, வேலை பழகுகிற பையன் ஒருவன் இருந்தான். அவன் துருப்பிடித்த போல்ட்டைக் கழற்ற அடிப்பார்களே, அந்த ஸ்ப்ரேயை எடுத்து டிஸ்க்கின் மேல் இரண்டு பக்கமும் அடித்துவிட்டான். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன், தடுக்கவில்லை, எனக்கும் அதன் ஆபத்து தெரியாது. சத்தம் உடனே நின்றுவிட்டது. சந்தோஷமாகக் கிளம்பினேன்.

அது தை மாதம். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர்கள் காரைக்குடியிலிருந்து குன்றக்குடி வழியாகத்தான் போவார்கள், இருட்டோடு இருட்டாகக் காவடியும் பையும் தூக்கிக்கொண்டு, வெறுங்காலோடு, ரோட்டின் ஓரமாக வரிசை வரிசையாக. நான் பிள்ளையார்பட்டிக்குச் சரக்கு கொண்டுபோனேன். முன்னால் போன வேன் சட்டென்று வேகம் குறைத்தது, இடது பக்கம் முழுக்க நடக்கிறவர்கள். முன் பிரேக்கைப் பிடித்தேன். லிவர் கெட்டியாகத்தான் இருந்தது, வண்டி மட்டும் நிற்கவில்லை. பிடிக்கப் பிடிக்க டிஸ்க் பேடுகளுக்கு நடுவே வெண்ணெயில் போவது போல வழுக்கிக்கொண்டே போனது. பின் பிரேக்கை மிதித்து, கியரைக் குறைத்து, நடக்கிறவர்கள் கூட்டத்தில் ஒரு இடைவெளி கிடைத்த இடத்தில் செம்மண் சரிவில் இறக்கிவிட்டேன். வண்டி சாய்ந்தது. ஒரு டின் திறந்து முறுக்கு எல்லாம் மண்ணில். யார் மேலும் படவில்லை. காவடி தூக்கி வந்த ஒரு வயசாளி என் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டு, "முருகன் இருக்கான் தம்பி, தண்ணி குடி" என்றார். என் கை நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது. அந்த இடைவெளியில் ஒரு ஆள் நடந்துகொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் சில ராத்திரிகளில் யோசிப்பேன்.

அதனால் முதலில் சொல்லவேண்டியது இதுதான். டிஸ்க்கிலும் பேடிலும் எண்ணெய், கிரீஸ், ஸ்ப்ரே, பாலிஷ் எதுவுமே படக்கூடாது. உரசினால்தான் வண்டி நிற்கும், உரசல் இருந்தால்தான் சத்தமும் வரும். எண்ணெய் போட்டால் இரண்டும் சேர்ந்து போய்விடும். என் வண்டியில் முன் சக்கரத்துக்கு ஏபிஎஸ் உண்டு (2019 ஏப்ரலிலிருந்து விற்கிற 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டி எல்லாவற்றுக்கும் அது கட்டாயம்), ஆனால் ஏபிஎஸ் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும், வேறொன்றும் செய்யாது. பேடு டிஸ்க்கைப் பிடிக்கவே இல்லை என்றால் அது என்ன செய்யும்.

பின் பிரேக்கை மட்டும் வைத்து இருபது கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து வீடு வந்தேன். அடுத்த நாள் தெரிந்தவர் ஒருவர் தேவகோட்டைப் பக்கம் ஒரு மெக்கானிக்கைச் சொன்னார். லாரி, டிராக்டர் என்று முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்துவிட்டு இப்போது வீட்டு வாசலில் வேப்ப மரத்தடியில் பைக் மட்டும் பார்க்கிறவர். நான் கதை முழுவதும் சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசவில்லை. அப்புறம் ஒரே கேள்வி கேட்டார்.

"பேட்ட மாத்துனாங்க, சரி தம்பி. பேடு ஒக்கார்ற எடத்தப் பாத்தாங்களா?"

எனக்கு அன்றைக்குக் கிடைத்த பாடம் முழுவதும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. கத்துவது பேடு, ஆனால் அதைக் கத்த வைப்பது பெரும்பாலும் வேறு ஏதோ. பழைய பேடும் பழைய டிஸ்க்கும் பல மாதம் சேர்ந்து தேய்ந்து ஒன்றுக்கொன்று பொருந்திப் போயிருக்கும், அதனால் பிஸ்டனையும் பேடுகளையும் பிடித்து வைத்திருக்கிற காலிப்பரில் கோளாறு இருந்தாலும் வெளியே தெரியாது. புதுப் பேடு தடிமனாக, தட்டையாக வந்து உட்காரும்போதுதான் எல்லாம் வெளியே வரும்.

சத்தம் எப்படி வருகிறது என்று அவர் சொன்ன விதம் எனக்குப் பிடித்தது. "ஆத்தங்குடிக் கல்லு பதிச்ச வளவுல ஈரக் காலத் தேச்சு நடந்துருக்கியா?" என்றார். நடந்திருக்கிறேன், சின்ன வயதில் அப்பத்தாவிடம் அதற்காகவே திட்டு வாங்கியிருக்கிறேன். கால் தரையை ஒரு கணம் பற்றும், உடனே வழுக்கும், மறுபடி பற்றும். பேடும் டிஸ்க்கும் அதையேதான் செய்கின்றன, நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை. பேடு தன் இடத்தில் இறுக்கமாக உட்கார்ந்திருந்தால் அந்த அதிர்வு அமுங்கிவிடும். லொடலொடவென்று இருந்தாலோ, கோணலாக அழுத்தினாலோ டிஸ்க்கே சேர்ந்து மணி மாதிரி ஒலிக்கும். வேகமாகப் போகும்போது வராமல் வண்டி நிற்கப்போகிற கடைசி நொடியில் மட்டும் அதிகமாகக் கத்துவதும் இதனால்தான், மெதுவாகத் தேயும்போதுதான் இந்தப் பற்றலும் வழுக்கலும் மாறிமாறி நடக்கும்.

சென்டர் ஸ்டாண்டில் போட்டு முன் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டார். அரைச் சுற்றிலேயே நின்றது. லிவரைப் பிடித்து விட்டதும் சக்கரம் லேசாகச் சுற்ற வேண்டும், என்னுடையது இறுகிக்கொண்டே இருந்தது. "பழைய பேடு இருக்கா?" என்றார். டூல் பாக்ஸிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். பிஸ்டன் பக்கத்துப் பேடு ஒரு மில்லிமீட்டர்தான் மிச்சம், எதிர்ப்பக்கத்துப் பேடு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் இருந்தது. பைக்குகளில் பெரும்பாலும் பிஸ்டன் ஒரு பக்கம்தான் இருக்கும். அது தன் பக்கத்துப் பேடைத் தள்ளும், தள்ளிய வேகத்தில் காலிப்பரே இரண்டு பின்களின் (வழுக்கி நகர்வதற்கான கம்பிகள்) மேல் நகர்ந்து எதிர்ப்பக்கப் பேடை இழுத்து வந்து அழுத்தும். பின் நகரவில்லை என்றால் ஒரு பேடு மட்டும்தான் வேலை செய்யும், அது மட்டும் தேயும், டிஸ்க்கையும் ஒரு பக்கமாகத் தள்ளும். ஆக, இந்தக் கோளாறு பழைய பேடு இருந்தபோதே இருந்திருக்கிறது. பேடு மாற்றியபோது யாரும் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. தயவுசெய்து பழைய பேடுகளைக் கேட்டு வாங்குங்கள், இரண்டும் ஒரே அளவு தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பழைய பேடின் முதுகில் இன்னொன்றும் ஒட்டிக்கொண்டிருந்தது, மெல்லிய எஃகுத் தகடு. அவர் அதை நகத்தால் நெம்பி எடுத்து, "இது எங்க, புதுசுல காணோம்?" என்றார். பிஸ்டனுக்கும் பேடுக்கும் நடுவில் இருந்து அதிர்வை வாங்கிக்கொள்வதற்கென்றே வைத்த தகடு அது. சில பேடுகளோடு புதிதாகவே வரும், சிலவற்றில் வராது, வராவிட்டால் பழையதைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்ட வேண்டும். என் விஷயத்தில் அது பழைய பேடோடு என் டூல் பாக்ஸுக்குள் இத்தனை நாளாகக் கிடந்திருக்கிறது. காலிப்பருக்குள் பேடை அழுத்திப் பிடிக்கிற ஸ்பிரிங் தகடும் இடம் மாறி நசுங்கிக் கிடந்தது. அதையும் நிமிர்த்தினார்.

பிறகு பின்களைக் கழற்றினார். ஒன்று கையோடு வந்தது. இன்னொன்று வரவே இல்லை, சுத்தியலால் மெல்லத் தட்டித் தட்டித் திருகி எடுக்க வேண்டியிருந்தது. எடுத்தால், கிரீஸ் காய்ந்து தார் மாதிரி ஆகி, அதில் செம்மண் கலந்து செங்கல் நிறத்தில் ஒரு பூச்சு. பின்னை மூடுகிற ரப்பர் பூட் ஒரு இடத்தில் கிழிந்திருந்தது, மண் அந்த வழியாகத்தான் போயிருக்கிறது. நம் பக்கத்து மண்ணைப் பற்றி நம் ஆட்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வெயில் காலத்தில் மாவு மாதிரிப் பறக்கும், ஐப்பசி கார்த்திகை மழையில் குழம்பாகி சக்கரத்தோடு ஏறும், காய்ந்தால் சிமென்ட் மாதிரிப் பிடித்துக்கொள்ளும். நான் போகிற ஊர்களில் பாதிக்கு மேல் உள்ரோடுகள், ஓரமெல்லாம் சரளை. டவுனுக்குள் மட்டும் ஓட்டுகிறவர் பின்னைப் பார்க்காமல் இரண்டு மூன்று வருஷம் சமாளித்துவிடலாம், நமக்கு அது நடக்காது.

பின்னுக்குப் போடுகிற கிரீஸ் விஷயத்தில் அவர் ரொம்பக் கண்டிப்பாக இருந்தார். வீல் பேரிங்குக்குப் போடுகிற மஞ்சள் கிரீஸை இங்கே போடவே கூடாது. பெட்ரோலியத்தில் செய்த கிரீஸ் அந்த ரப்பரை ஊத வைத்துவிடும், ஊதிய ரப்பர் பின்னை இறுக்கிப் பிடிக்கும், கிரீஸ் போட்டும் பின் நகராது. சிலிகான் கிரீஸ் என்று கேட்டு வாங்க வேண்டும், சின்ன டியூபாகக் கிடைக்கிறது, ஒரு டியூப் ரொம்ப நாள் வரும். பின்னை எமரித் தாளால் பளபளப்பாகத் தேய்த்து, துளையைத் துணி சுற்றிய குச்சியால் சுத்தம் செய்து, சிலிகான் கிரீஸை மெல்லிசாகத் தடவி மாட்டினார். அப்பிவிட்டாலும் தப்பு, உள்ளே காற்று அடைபட்டுப் பின் முழுவதும் போகாது. மாட்டிய பிறகு காலிப்பரை ஒரு விரலால் தள்ளிக் காட்டினார், வழுக்கிக்கொண்டு போனது. அந்த ஒரு விரல்தான் கணக்கு.

பிஸ்டனைச் சுற்றியும் அதே செம்மண் வளையம். கடையில் அதைத் துடைக்காமலே உள்ளே தள்ளியிருக்கிறார்கள். அப்படித் தள்ளினால் அழுக்கு உள்ளே இருக்கிற ரப்பர் வளையத்தை (சீல்) அறுக்கும். பிரேக்கை விட்டதும் பிஸ்டன் உள்ளே திரும்பிப் போவது அந்த ரப்பர் சீல் முறுக்கிக்கொண்டு திரும்புவதால்தான், அங்கே ஸ்பிரிங் எதுவும் கிடையாது. சீல் அழுக்கானால் பிஸ்டன் திரும்பாது, பேடு எப்போதும் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும், சூடாகும், பேடின் முகம் கண்ணாடி மாதிரி ஆகிவிடும், அப்புறம் சத்தம் வராமல் என்ன செய்யும். லிவரை மெல்ல அழுத்திப் பிஸ்டனைக் கொஞ்சம் வெளியே கொண்டுவந்து (முழுவதும் வெளியே வந்துவிடாமல் கவனமாக), சோப்புத் தண்ணீரும் பழைய டூத் பிரஷ்ஷும் வைத்துச் சுற்றிலும் தேய்த்து, துடைத்து, காயவிட்டு, பிரேக் ஆயிலை விரலில் தொட்டு ஓரத்தில் தடவி, அப்புறம்தான் உள்ளே தள்ளினார். ஸ்க்ரூடிரைவரால் நெம்பவில்லை, பழைய பேடை மேலே வைத்து இரண்டு கட்டை விரலாலும் அழுத்தினார். தள்ளும் முன்னால் மேலே ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்து வைத்தார். பேடு தேயத் தேய ஆயில் மட்டம் இறங்கும், நடுவில் யாராவது நிரப்பியிருந்தால் பிஸ்டனைத் தள்ளும்போது வழிந்து டேங்க் பெயின்ட்டைத் தின்றுவிடும். என் டேங்கில் ஏற்கெனவே ஒரு இடத்தில் பெயின்ட் பொரிந்திருந்தது, காரணம் அன்றைக்குத்தான் புரிந்தது.

இன்னொன்று. நாம் பேச்சு வழக்கில் பிரேக் ஆயில் என்கிறோமே தவிர அது எண்ணெய் வகையே இல்லை. மூடியில் டாட் 3, டாட் 4 என்று எழுதியிருக்கும், அதையேதான் ஊற்ற வேண்டும். இன்ஜின் ஆயிலோ வேறு எண்ணெயோ ஒரு ஸ்பூன் போனாலும் உள்ளே இருக்கிற ரப்பர் எல்லாம் ஊதிக் கெட்டுவிடும். காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சுவது அதன் குணம், அதனால் வருஷக்கணக்காக உடைத்து வைத்திருக்கிற பாட்டிலை ஊற்றக்கூடாது, வண்டியில் இருப்பதையும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது.

ஸ்ப்ரே குடித்த அந்தப் புதுப் பேடுகளை என்ன செய்வது என்று கேட்டேன். அடுப்பில் சுட்டால், பெட்ரோலில் ஊறவைத்தால் சரியாகும் என்று சிலர் சொல்கிறார்களே என்றேன். "சோத்துல மண்ணெண்ண ஊத்திட்டா கழுவித் திம்பியா?" என்றார். பேடு சின்னச் சின்னத் துளைகள் உள்ள பொருள், எண்ணெய் உள்ளே இறங்கிவிட்டால் மேலே தேய்த்தாலும் சூடாகும்போது மறுபடி வெளியே கசியும். 320 ரூபாயைப் பார்த்தால் மனசு கேட்காதுதான், ஆனாலும் தூக்கிப் போட்டுவிட்டேன். புதிதாக ஒரு ஜோடி வாங்கினோம், வண்டிக்கு முதலில் வந்த அதே வகை. சின்டர்டு பேடு என்று உலோகத் தூளை அழுத்திச் செய்த வகை ஒன்று கிடைக்கும், அது சூடு தாங்கும், ஆனால் சத்தமும் கூட வரும், சாதாரண டிஸ்க்கைச் சீக்கிரம் தின்னும். முறுக்கு கொண்டுபோகிற வண்டிக்கு அது வேண்டாம் என்றார், எனக்கும் சரியென்று பட்டது.

டிஸ்க்கைப் பார்த்தார். அதிலேயே குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும், என்னுடையதில் 3.5 மில்லிமீட்டர். வெர்னியரில் அளந்ததில் 3.8 இருந்தது, இன்னும் ஓடும். விரலால் ஓரத்தைத் தடவச் சொன்னார், பேடு படாத வெளி விளிம்பில் ஒரு சின்ன மேடு. பழைய பேடு அதற்கு ஏற்றபடி தேய்ந்திருக்கும், புதுப் பேடின் நேரான ஓரம் அந்த மேட்டில் போய் இடிக்கும், அதுவும் கத்தும். மேட்டை அரத்தால் லேசாகத் தேய்த்து எடுத்தார். முகம் முழுவதும் 120 எமரியால் வட்டம் வட்டமாகத் தேய்க்கச் சொல்லி என்னிடமே கொடுத்தார். பளபளப்பு போய் மங்கலாக ஆகும் வரை இரண்டு பக்கமும் தேய்த்தேன், கை விட்டுப்போனது. பக்கத்தில் இருக்கிற ஏபிஎஸ் வளையத்தில் மட்டும் கை வைக்க விடவில்லை. பிறகு சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, பிரேக் கிளீனர் அடித்து, வெள்ளைத் துணியில் கறுப்பு வராமல் போகும் வரை துடைத்தோம். பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம், காய்ந்த பிறகும் ஒரு படலம் நிற்கும். சுத்தமான ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் ஆகும், மெடிக்கல் ஷாப்பிலேயே கேட்டுப் பாருங்கள்.

புதுப் பேடின் இரண்டு முனைகளையும் அரத்தால் சரிவாகச் சீவினார், ஒன்றரை மில்லிமீட்டர் இருக்கும். முனை கூர்மையாக இருந்தால் டிஸ்க்கைக் கொத்திக்கொண்டே வரும், சரிவாக இருந்தால் வழிந்து ஏறும். சில பேடுகள் வரும்போதே இப்படிச் சீவி வரும், வந்திருந்தால் தொடாதீர்கள். இதைச் செய்யும்போது மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டார், என்னையும் கட்டச் சொன்னார். காலிப்பரில் கிடந்த தூசியையும் வாயால் ஊதவில்லை, காற்றடிக்கவும் இல்லை, ஈரத் துணியால் துடைத்தார். பழைய காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது, அதை ஊதி ஊதி வேலை பார்த்த தன் கூட்டாளிகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மேலே பேசவில்லை.

பேடின் முதுகில், பிஸ்டன் தொடுகிற இடத்தில் மட்டும், சூடு தாங்குகிற காப்பர் பேஸ்ட் நகக்கண்ணில் எடுக்கிற அளவு. தகட்டையும் மாட்டி, காலிப்பர் போல்ட்டை முறையாக இறுக்கினார்.

இந்த இடத்தில் ஒன்று, பேடு மாற்றுகிற எல்லோரும் மனசில் வைத்துக்கொள்ள வேண்டும். பிஸ்டனை உள்ளே தள்ளிய பிறகு முதல் தடவை லிவரைப் பிடித்தால் பிரேக் இருக்காது, லிவர் ஹேண்டில்பார் வரைக்கும் போய் ஒட்டிக்கொள்ளும். நின்ற இடத்திலேயே பத்துப் பதினைந்து தடவை அழுத்தி, கெட்டியான பிறகுதான் வண்டியை நகர்த்த வேண்டும். பட்டறை வாசலிலிருந்து நேரே ரோட்டில் இறங்கி எதிரில் வருகிற பஸ்ஸைப் பார்த்து லிவரைப் பிடிக்கிறபோது இது தெரிந்தால் எந்தப் பிரயோஜனமும் இல்லை.

அப்புறம் பேடைப் பழக்குவது. ஆத்தங்குடிப் பக்கம் வெயில் ஏறியதும் ஆள் நடமாட்டம் குறைந்த ரோடு ஒன்று இருக்கிறது, டின் எதுவும் இல்லாமல் அங்கே போனேன். அவர் சொன்னது: ஐம்பது கிலோமீட்டர் வேகத்துக்குப் போ, ஒரே சீரான அழுத்தத்தில் பத்து வரைக்கும் குறை, முழுவதும் நிறுத்தாதே, விட்டுவிடு, மறுபடி ஐம்பது. இப்படிப் பத்துத் தடவை. ஒவ்வொன்றுக்கும் நடுவில் கொஞ்ச தூரம் சும்மா ஓட்டு. பேடின் பொருள் டிஸ்க்கின் மேல் ஒரு மெல்லிய பூச்சாகச் சமமாக ஏற வேண்டும், அதுதான் இதன் நோக்கம். சூடாக இருக்கும்போது நிறுத்தி லிவரைப் பிடித்துக்கொண்டே நின்றால் அந்த ஒரு இடத்தில் மட்டும் தடிப்பாக ஒட்டிவிடும், பிறகு பிரேக் பிடிக்கும்போதெல்லாம் லிவரில் துடிப்பு வரும். மூன்றாவது தடவையில் லேசாகக் கீச்சென்றது, மனசு சங்கடப்பட்டது. ஆறாவது, ஏழாவது தடவையில் நின்றுவிட்டது. பத்து முடிந்ததும் பிரேக்கைத் தொடாமல் நாலைந்து கிலோமீட்டர் காற்றாட ஓட்டி ஆற விட்டேன். அதற்குப் பிறகும் இருநூறு கிலோமீட்டர் வரை அடித்துப் பிடிக்கிற பிரேக் எதுவும் போடவில்லை, முன்னால் போகிற வண்டிக்கு இரண்டு மடங்கு இடைவெளி விட்டே ஓட்டினேன்.

இதெல்லாம் நடந்து பத்து மாதம் ஆகிறது. எல்லாச் சத்தத்துக்கும் பயப்பட வேண்டியதில்லை என்பதும் இதற்குள் பழகியிருக்கிறது. மாசிப் பனியில் நனைந்து நின்ற வண்டியை எடுத்ததும் முதல் ஒன்றிரண்டு பிரேக்குக்கு ஒரு கீச் வரும், டிஸ்க்கில் ராத்திரி படிந்த துரு அது, உடனே தேய்ந்து போய்விடும். மழையிலும் அப்படித்தான். கீச்சென்று இல்லாமல் 'கரகர'வென்று இரும்போடு இரும்பு தேய்கிற சத்தம் வந்தால் அது வேறு, பேடு தீர்ந்து தகடு உரசுகிறது அல்லது சரளைக் கல் மாட்டியிருக்கிறது, அப்போதே ஓரமாக நிறுத்துங்கள், ஊர் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டினால் டிஸ்க்கும் போய்விடும். 'டக்' என்று ஒரு அடி மட்டும் கேட்டால் பேடோ பின்னோ லூஸ். பின்னால் டிரம் கத்தினால் பெரும்பாலும் உள்ளே சேர்ந்த தூசியும், பளபளவென்று ஆகிப்போன லைனரும்தான், கழற்றி எமரி போட்டால் அடங்கும்.

வாட்டர் சர்வீஸில் காலிப்பருக்கு நேராக அழுத்தத் தண்ணீர் அடிக்க விடுவதில்லை இப்போது, கிரீஸைக் கழுவிக்கொண்டு மண்ணை உள்ளே தள்ளிவிடும். கழுவி முடித்ததும் டயருக்குப் பாலிஷ் அடிக்க வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன், அது தெறித்து டிஸ்க்கில் படும். பின்னாலும் டிஸ்க் வைத்திருப்பவர்கள் செயினுக்கு ஸ்ப்ரே அடிக்கும்போது டிஸ்க்கை ஒரு துணியால் மூடிக்கொள்ளுங்கள். முன் ஃபோர்க்கில் எண்ணெய் கசிந்தால் அது நேரே இறங்கிக் காலிப்பருக்குத்தான் வரும், அதைத் தள்ளிப் போடாதீர்கள்.

கிழிந்த ரப்பர் பூட் மட்டும் அன்றைக்குக் கிடைக்கவில்லை. இங்கே இரண்டு மூன்று கடையில் கேட்டேன், முழுக் காலிப்பராக வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள், சில ஆயிரம் ஆகும். மதுரைக்குப் போன ஒரு லைன் வண்டிக்காரரிடம் சொல்லிவிட்டதில் பின் கிட் என்று தனியாகவே கிடைத்தது, இரண்டு பூட்டும் சேர்த்து நூற்றைம்பது ரூபாய்க்குள். வீட்டுத் திண்ணையில் வைத்து நானே மாட்டினேன், 12 ஸ்பேனரும் ஒரு ஆலன் கீயும் போதும். மழைக்கு முன்னால் ஐப்பசியில் ஒரு தடவை, மழை விட்ட பிறகு தையில் ஒரு தடவை என்று பின்னைக் கழற்றிப் பார்ப்பதாக வைத்திருக்கிறேன். போன வாரம் ஐப்பசிக்கானதைச் செய்தேன். கிரீஸ் இன்னும் வெள்ளையாகவே இருந்தது, துடைத்துப் புதிதாகத் தடவி மாட்டிவிட்டுக் காலிப்பரை ஒரு விரலால் தள்ளினேன், நகர்ந்தது.